ஒரு நொடி 100 யென்

வாசகர் கேள்வி – பதில்

மேடையில் பாடி ஆடும் ஜப்பானிய ஐடல் குழுக்களைப் பற்றியும் அவற்றின் ரசிகர்களின் தனிமையைப் பற்றியும் சென்ற இதழில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. அதற்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை அடைத்துவிட்டன. பலரும் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், எல்லோருக்கும் ஊர் மட்டும்.

ஐடல் ஐடல் என்கிறீர்களே, சினிமா ஸ்டாரைத்தான் சொல்கிறீர்களா? எங்கள் ஊரில் படம் ரிலீஸ் அன்றைக்குப் பாலாபிஷேகமே நடக்கிறது. அதைவிடவா? (சத்துவாச்சாரி)

ஸ்டார் வேறு, ஐடல் வேறு. நம்மூர் கட் அவுட்டை ரசிகன் அண்ணாந்து பார்க்கிறான். நடிகர் தன் பெயரைத் தெரிந்து வைத்திருப்பார் என்று அவன் எதிர்பார்ப்பதே இல்லை. ஐடல் தொழில் விற்பது அந்த எதிர்பார்ப்பைத்தான்.

2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில், ஒரு தள்ளுபடிக் கடைக் கட்டடத்தின் 8-வது மாடியில் ஏகேபி 48 என்ற பெண்கள் குழு மேடையேறியது. தயாரிப்பாளர் அகிமொதோ யசுஷி. சுமார் 250 பேர் கொள்ளும் அரங்கம் அது. முதல் நாள் வந்தவர்களில் பொது ரசிகர்கள் 7 பேர்தான். 'நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஐடல்' என்பது அவர்கள் வைத்த வாசகம். தினமும் அதே அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார்கள். பாட்டு பிசகும், ஆட்டம் தடுமாறும். அதுதான் சரக்கே. பதினைந்து வயதில் தடுமாறிய பெண் இருபதில் தேறி நிற்பதைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும், அதில் தனக்கும் பங்கு உண்டு என்று ரசிகன் நினைக்க வேண்டும்.

அப்படி ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஐடலுக்கு 'ஒஷி' என்று பெயர். முன்னால் தள்ளுவது என்ற வினையிலிருந்து வந்த சொல். நாம் 'ஆளைத் தூக்கிவிடுவது' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஒஷிக்காகச் செய்யும் எல்லாமும் 'ஒஷிகட்சு'. டிக்கெட் எடுப்பது, அவள் நிறத்தில் துணி உடுத்துவது, பிறந்தநாளுக்குக் கூட்டாகப் பணம் போட்டு அரங்க வாசலில் பூ அலங்காரம் வைப்பது எல்லாம் இதற்குள் அடக்கம்.

கை குலுக்கக் காசு வாங்குகிறார்களாமே, நிஜமா? எப்படி, எவ்வளவு? கணக்கு வாத்தியார் நான், விவரமாகச் சொல்லவும். (ஆற்காடு)

சொல்கிறோம் சார், கொரோனாவுக்கு முன்பு இருந்த முறை இது. ஒரு யென் ஏறத்தாழ 55 முதல் 60 பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குழுக்களில் கை குலுக்கும் டிக்கெட் தனியாக விற்பனைக்கு வருவதில்லை. பாட்டு சிடியோடு சேர்ந்துதான் வரும். அரங்கப் பதிப்பு என்ற மலிவுப் பதிப்பு சிடி சுமார் 1,000 யென். இணையத்தில் எந்தப் பெண், எந்தத் தேதி, எந்த நேரப் பகுதி என்று குறித்து விண்ணப்பிக்க வேண்டும். பிறகு குலுக்கல். விழுந்தால்தான் பணம் கட்ட வேண்டும். அன்றைக்கு டிக்கெட்டோடு புகைப்பட அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும். வாசலில் பை சோதனையும் உலோகச் சோதனையும் உண்டு. 2014 மே மாதம் இவாத்தே மாகாணத்தில் நடந்த கை குலுக்கும் நிகழ்ச்சியில் ஒருவர் ரம்பத்தால் தாக்கி, இரண்டு பெண்களும் ஓர் ஊழியரும் காயப்பட்டார்கள். கெடுபிடி அதற்குப் பிறகு வந்தது.

உள்ளே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரிசை. முன்னால் போனதும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டச் சொல்வார்கள். பிறகு கை கொடுக்கலாம், பேசலாம். பக்கத்தில் ஓர் ஊழியர் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். நேரம் முடிந்ததும் தோளில் கை வைத்து நகர்த்திவிடுவார். அவருக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹகாஷி'. ஒட்டியிருப்பதை உரித்தெடுப்பவர் என்று பொருள். திருப்பதியில் 'ஜரகண்டி' கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு டிக்கெட்டுக்குச் சுமார் 10 நொடி என்று கணக்கு வைத்தால், ஒரு நொடி 100 யென். நம் காசில் ஐம்பத்தைந்து, அறுபது ரூபாய். பத்து டிக்கெட்டைச் சேர்த்து நீட்டினால் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஆனால் ரசிகனின் குறி அந்த ஒன்றரை நிமிடம் கிடையாது. 'நின்ச்சி' என்று ஒன்று இருக்கிறது. அவள் உன் முகத்தை அடையாளம் கண்டுகொள்வது. "அட, நீங்களா! போன வாரம் சளி பிடித்திருந்ததே, தேவலையா?" என்று அவளே கேட்டுவிட்டால் நின்ச்சி கிடைத்துவிட்டது. ஒரே நாளில் பத்து டிக்கெட்டைச் செலவழிப்பதைவிட, பத்து நிகழ்ச்சிக்கு ஒவ்வொன்றாக வைத்துப் போனால் நின்ச்சி சீக்கிரம் வரும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. வந்த பிறகு அதைக் காப்பாற்றியாக வேண்டும். இரண்டு மாதம் போகாவிட்டால் மறந்துவிடுவாளோ என்ற பயம் பிடிக்கும். செலவு ஏறுவது இந்த இடத்தில்தான். கடன் அட்டை தீர்வதும் இங்கேதான்.

ஓட்டுக் கணக்கு இன்னும் சுவையானது. அடுத்த பாட்டில் யார் முன்வரிசையில் நிற்பது என்று 2009 முதல் 2018 வரை ஆண்டுதோறும் தேர்தல் வைத்தார்கள். பெரும்பாலான ஓட்டு சிடிக்குள் இருக்கும். ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற பேச்சே இல்லை, சிடிக்கு ஒரு ஓட்டு. 2017-ல் முதலிடம் பிடித்தவருக்கு 2,46,376 ஓட்டு. அவ்வளவு சிடியை யார் கேட்பது என்கிறீர்களா? யாரும் கேட்பதில்லை. 2017-ல் ஃபுகுவோகா மாகாணத்தில் ஒருவர் 585 சிடியை மலைக்காட்டில் கொட்டிவிட்டுக் குப்பைச் சட்டத்தில் மாட்டினார்.

கொரோனா வந்ததும் 2020-ல் கை குலுக்கல் நின்றது. அதே நொடிக் கணக்கு செல்பேசித் திரைக்கு மாறியது. ஹகாஷிக்கும் வேலை மிச்சம், நேரம் முடிந்ததும் திரை தானாகவே அணைந்துவிடும்.

சிறப்புத் திறன் விசாவில் ஜப்பான் போகிறேன். அங்கே இருக்கும் நண்பன் 'லைவ் ஹவுஸ்' நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். என்ன எதிர்பார்க்கலாம்? (ராணிப்பேட்டை)

தம்பி, லைவ் ஹவுஸ் என்றால் சின்ன இசைக் கூடம். உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் 'சிக்கா ஐடல்'. தொலைக்காட்சிக்கு வராத, அடித்தளக் கூடங்களில் ஆடும் சின்னக் குழுக்கள். ஒரே மாலையில் ஐந்தாறு குழுக்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் இருபது, இருபத்தைந்து நிமிடம்.

நுழைவுச் சீட்டு பெரும்பாலும் 2,000 யென் முதல் 3,000 யென். அதற்கு மேல் வாசலில் 'ஒரு பானம்' என்று சுமார் 600 யென் வாங்குவார்கள், தண்ணீர் குடித்தாலும் இதே காசு. பல கூடங்கள் உணவகம் என்ற உரிமத்தில் நடப்பதால் இந்த ஏற்பாடு. அதே வாசலில் "யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்பார்கள். சும்மா விசாரிப்பு என்று நினைத்துச் சிரித்து வைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் குழுவின் கணக்கில் ஒரு தலை கூடும், அன்றைய வசூலில் அவர்கள் பங்கு பல இடங்களில் அதை வைத்துத்தான். நண்பரின் குழு பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள்.

உள்ளே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிறம். ரசிகர்கள் கையில் வைத்திருக்கும் விளக்குக் குச்சியில் பொத்தானை அழுத்தி அந்த நிறத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். பாட்டு தொடங்கும் முன் இசை ஓடும் இடத்தில் "டைகா! ஃபையா! சைபா!" என்று ஒரே குரலில் கத்துவார்கள். முதல் தடவை போகிறவர் பின்வரிசையில் நின்று பார்ப்பது நல்லது. படம் பிடிக்கலாமா என்பது குழுவுக்குக் குழு மாறும், கேட்காமல் செல்பேசியைத் தூக்க வேண்டாம்.

ஆட்டம் முடிந்தபின்தான் உண்மையான வியாபாரம். கூடத்தின் ஓரத்தில் மேசை போட்டு 'செக்கி' விற்பார்கள். உடனடிக் கேமராவில் ஐடலோடு எடுக்கும் படம், 1,000 முதல் 2,000 யென். மொத்த அட்டை 54-க்கு 86 மில்லிமீட்டர், நம் ஆதார் அட்டை அளவுதான். படம் எடுத்ததும் அவள் மார்க்கர் பேனாவால் உங்கள் பெயர், தேதி, ஒரு பூ அல்லது பூனை என்று வரைந்துகொண்டே பேசுவாள். எழுதி முடிக்கும் வரைதான் பேச்சு, சுமார் ஒரு நிமிடம். அந்த ஃபிலிமில் உருவம் முழுசாகத் தெரிய ஒன்றரை நிமிடம் ஆகும். ஆகவே வரிசையை விட்டு வெளியே வந்து சுவரோரம் நிற்கும்போதுதான் படத்தில் முகம் மெல்ல எழும்பும். அங்கே நின்றுகொண்டே பர்ஸைத் திறந்து இன்னொரு தடவை வரிசைக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். முதல் மாதச் சம்பளத்தில் நீங்களும் அதைச் செய்யக்கூடும். நோட்டாக எடுத்துப் போங்கள், அட்டையை அறையில் வைத்துவிடுங்கள். சீட்டு, பானம், ஒரு செக்கி, ரயில் கட்டணம் எல்லாம் சேர்த்து 6,000 யென்னில் நிற்கலாம்.

பேச என்ன கேட்பது? "உங்கள் இசைப் பயணம் எப்படித் தொடங்கியது?" என்று கேட்டால் அவள் யோசிப்பதற்குள் நேரம் போய்விடும். "காரம் பிடிக்குமா, இனிப்பா?" என்று கேளுங்கள். ஆற்காடு மக்கன் பேடாவைப் பற்றிச் சொல்லவும் இடம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். நிகழ்ச்சி முடிந்து வாசலில் காத்திருப்பது, ஒரே ரயிலில் ஏறுவது, இணையத்தில் பதில் வராமல் செய்தி மேல் செய்தி அனுப்புவது எதுவும் கூடாது. 2019-ல் டோக்கியோவில் ஒருவர், ஐடல் போட்ட செல்ஃபியில் அவள் கண்ணில் பிரதிபலித்த ரயில் நிலையத்தைப் பெரிதாக்கிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துப் போய்த் தாக்கினார், கைதானார். சமூக ஊடகத்தில் விடாமல் செய்தி அனுப்புவதும் 2016 திருத்தத்துக்குப் பின் அந்நாட்டு ஸ்டாக்கர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. விசாவில் இருப்பவருக்கு வழக்கு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

ஐடல்கள் காதலிக்கக் கூடாதாமே? (வாணியம்பாடி)

எழுதப்பட்ட சட்டம் கிடையாது, ஒப்பந்தத்தில் நுழைத்துவிடுவார்கள். 2015 செப்டம்பரில் டோக்கியோ நீதிமன்றம் ஒன்று, காதலித்த ஐடல் நிறுவனத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றது. அடுத்த நாலே மாதத்தில், 2016 ஜனவரியில், அதே ஊரில் இன்னொரு வழக்கில் காதலிப்பது தன் மகிழ்ச்சியைத் தேடும் உரிமை என்று சொல்லி நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளினார்கள். எங்கள் ஓட்டு இரண்டாவது தீர்ப்புக்கு.

நம்மூர் ரசிகர் மன்றத்துப் பையன்கள் கும்பலாகத் திரிவார்கள், ரத்ததானம் செய்வார்கள், கல்யாணத்துக்குப் பேனர் வைப்பார்கள். அவ்வளவு பேர் வரிசையில் நிற்கும் ஜப்பானில் தனிமை எங்கிருந்து வந்தது? (ஆம்பூர்)

நல்ல கேள்வி. மன்றத்தில் எல்லோருக்கும் ஒரே தலைவர். தெருவில் போர்டு இருக்கும், செயலாளர், பொருளாளர் இருப்பார்கள். பையன் யார் மகன் என்று பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். ஐடல் வரிசையில் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் புனைபெயர்தான் தெரியும். ஐந்து வருடம் வாரந்தோறும் சந்தித்தும் சொந்தப் பெயரோ வேலையோ தெரியாமல் இருப்பது அங்கே சகஜம், அதை மரியாதை என்றே கருதுகிறார்கள். 'தோதான் கியோஹி' என்று ஒரு சொல்கூட உண்டு. தன் ஒஷியையே ஒஷியாகக் கொண்ட இன்னொருவரோடு பழக மறுப்பது. நம் மன்றத்தில் கூட்டாளி ஆகிறவன் அங்கே போட்டியாளி. அதைவிட முற்றியது 'காச்சிகோய்', நிஜமாகவே காதல் என்று நம்புவது. இதற்கு நேர் எதிரே ஒரு சாரார் இருக்கிறார்கள். குழு மொத்தத்தையும் ரசிப்பவர்கள், ஆட்டம் முடிந்ததும் நாலு பேராக ராமென் நூடுல்ஸ் கடைக்குப் போகிறவர்கள். செலவைப் பார்த்து யார் தனியாள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆட்டம் முடிந்தபின் யாரோடு சாப்பிடுகிறார் என்று பாருங்கள்.

தனிமை ஐடலால் வந்ததும் இல்லை. 2021 பிப்ரவரியில் ஜப்பான் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. 2024 ஏப்ரலில் தனிமை, ஒதுங்கல் எதிர்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒண்டி அறை, நிரந்தரமில்லாத வேலை, ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த வாழ்க்கை என்று காரணங்கள் பல. பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாதவருக்கு ஒரு மேசைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கிடைக்கிறது. அந்தக் குரலுக்கு விலை வைத்தவர்களைக் கேளுங்கள், வாங்கியவரை விட்டுவிடுங்கள்.

பையனுக்கு 22. இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடமாகிறது. ரூமை விட்டு வருவதில்லை. ராத்திரி பூரா ஜப்பான் பொண்ணுங்க பாட்டுதான். ஹிகிகொமோரி என்கிறார்களே, அதுவா? போனைப் பிடுங்கிவிடலாமா? (குடியாத்தம்)

அம்மா, போனைப் பிடுங்க வேண்டாம். வைஃபையையும் நிறுத்த வேண்டாம். அவர் இன்னும் விடாமல் பிடித்திருக்கும் ஒரே கயிறு அதுவாக இருக்கலாம்.

ஹிகிகொமோரி என்பது வேலை, படிப்பு, வெளி நட்பு எதுவுமின்றி ஆறு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே ஒதுங்கியிருக்கும் நிலை. மனநல மருத்துவர் சைத்தோ தமாகி 1998-ல் எழுதியதிலிருந்து பரவிய சொல். ஜப்பான் அரசு 2022-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி 15 முதல் 64 வயதுக்குள் ஏறத்தாழ 14 லட்சத்து 60 ஆயிரம் பேர், நூற்றுக்கு இரண்டு பேர். தனக்குப் பிடித்த பொழுதுபோக்குக்கு மட்டும் வெளியே போய்வருகிறவர்களையும் அதில் சேர்த்தே எண்ணினார்கள். உங்கள் மகன் அதுவா இல்லையா என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மனச்சோர்வாக இருக்கலாம், வேலை கிடைக்காத வெட்கமாக இருக்கலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது: கதவைச் சாத்தியது முதலா, பாட்டு வந்தது முதலா? பெரும்பாலும் கதவுதான் முதல். தட்டில் வைத்த சோறு மிஞ்சுகிறதா? குளிக்கிறாரா? போனில் யாருக்காவது பேசுகிறாரா, அல்லது பார்ப்பது மட்டும்தானா? எங்கோ இருக்கும் நாலு ரசிகர்களோடு பேச்சு இருந்தால்கூட அது நல்ல அறிகுறி.

செய்ய வேண்டியது: மாமா, சித்தப்பாவைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லவைக்காதீர்கள், கதவு இன்னும் இறுகும். 'எப்பப்பா வேலைக்குப் போவ' என்ற கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வையுங்கள். கதவைத் தட்டிவிட்டு, பதில் வந்தாலும் வராவிட்டாலும் "தோசை ஊத்தறேன், சூடா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகருங்கள். ஒரு நாள் "அந்த மஞ்சக் கலர் பொண்ணு பேரு என்ன?" என்று கேளுங்கள். பதில் சொன்னால் அடுத்த வாரம் இன்னொரு கேள்வி. வெளியே அனுப்புவதானால் முதலில் ஆள் இல்லாத நேரம், சின்ன வேலை. இருட்டியபின் பால் பாக்கெட் வாங்கி வருவது போதும். வாரக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரு நாள் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வார், அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜப்பானில் இதற்கென்று உள்ள உதவி மையங்கள் முதலில் பெற்றோரைத்தான் வரச் சொல்கின்றன, பிள்ளை வராவிட்டாலும். நீங்களும் அப்படியே தனியாகப் போகலாம். பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையம் குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வதற்குப் பேர்போனது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு உண்டு. போனில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும், கேலியாகச் சொன்னாலும், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

மகளுக்கு 13 வயது. பி.டி.எஸ். பைத்தியம். காட்பாடி ஸ்டேஷனில் மூன்று பெண்கள் பிடிபட்ட செய்தி படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. (வேலூர்)

கொரியக் குழு என்றாலும் வியாபாரம் ஒரே வகைதான். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்து 13 வயதுப் பெண்கள் மூவர், விசாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கொரியா போய்விடலாம் என்று கிளம்பி, நடுவழியில் மனம் மாறித் திரும்புகையில் காட்பாடியில் நள்ளிரவில் கிடைத்தார்கள். பத்திரமாகக் கிடைத்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அவர்களைக் கேலி செய்து போட்ட மீம்களை மகள் எதிரில் காட்டிச் சிரிக்காதீர்கள். அடுத்த தடவை மனதில் இருப்பதை உங்களிடம் சொல்ல மாட்டாள். 'எப்படிப் போவது' என்று அவள் கேட்டால் பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் என்று ஒரு தாளில் கூட்டிக் காட்டுங்கள். கனவைக் கலைக்கவும் வேண்டாம், கணக்கை மறைக்கவும் வேண்டாம்.

பணம் போகும் வழி பெரும்பாலும் 'குரூப் ஆர்டர்'. இன்ஸ்டாகிராமில் ஒருவர் பலருக்கும் சேர்த்து ஆல்பம், படச் சீட்டு வரவழைப்பார். பணம் மூன்று தடவை கேட்பார்கள்: முதலில் பொருளுக்கு, பிறகு கடல் தாண்டும் தபாலுக்கு, கடைசியில் சுங்கமும் உள்ளூர் கூரியரும். ஆல்பத்தில் கெட்டிப் புத்தகம் இருப்பதால் எடை ஏறி, இரண்டாவது தொகையே பொருள் விலையைத் தொட்டுவிடும். இது தெரியாத பிள்ளைகள் முதல் தொகையோடு முடிந்தது என்று நினைத்து, மீதிக்கு அம்மாவின் ஜிபேயைத் தொடுவார்கள். மூன்று தொகையையும் முன்கூட்டியே எழுதித் தராதவரிடம் வாங்க வேண்டாம். ஆள் மறைந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்கு உடனே புகார் செய்யுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும். யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள், மாதச் சந்தா ஏதாவது ஓடிக்கொண்டிருக்கலாம்.

நான் ஹாஸ்டல் மாணவன். நான்கு வருட ஒஷி அடுத்த மாதம் குழுவிலிருந்து 'கிராஜுவேட்' ஆகிறாள். சொன்னால் சிரிப்பார்கள் என்று ரூம்மேட்டிடம்கூடச் சொல்லவில்லை. என்ன செய்வது? (காட்பாடி)

ஐடல் விலகுவதை அவர்கள் பள்ளி முடிப்பதுபோலவே கொண்டாடுகிறார்கள், 'சொத்சுக்யோ' என்ற அதே சொல். கடைசி நிகழ்ச்சியை இணையத்தில் ஒளிபரப்பினால் நேரலையிலேயே பாருங்கள், பதிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை 6 என்றால் இங்கே மதியம் 2.30, லேப் வகுப்பு இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். ரூம்மேட்டையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், அரை மணியில் அவனும் நிறம் கேட்பான்.

கடிதம் எழுதுங்கள். நிறுவன முகவரிக்குப் போகும், ஊழியர்கள் பிரித்துப் பார்த்தபின்தான் அவளிடம் சேரும். பணமோ தின்பண்டமோ வைக்க வேண்டாம், பல நிறுவனங்கள் அவற்றை ஏற்பதில்லை. ஒரே பக்கம், எளிய ஜப்பானிய மொழி, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டதைத் தெரிந்தவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். 'நீ இல்லாமல் நான் எப்படி' என்று எழுதினால் அவள் அதைச் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கும். எந்த நாளில் எந்தப் பாட்டு உங்களுக்குக் கைகொடுத்தது என்று எழுதுங்கள், செமஸ்டர் அரியர் என்றாலும் சரி. வான்வழித் தபால் போய்ச் சேர நாளாகும், இந்த வாரமே போட்டுவிடுங்கள். உறையின் பின்பக்கம் உங்கள் பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்கு ஜப்பானியர் பயன்படுத்தும் கத்தகானா எழுத்தில், அதன் கீழே வேலூர், இந்தியா.